லேயா சேஸின் கடை: கல்லாவிலிருந்து போன கொடை

ஒரு வாசகரின் கேள்வி:
உணவகம் நடத்திப் பெரும் பணம் சேர்ப்பவர்கள் கடைசிக் காலத்தில் அறக்கட்டளை தொடங்குகிறார்கள். அதற்கு முன் அவர்கள் ஊருக்குச் செய்வதெல்லாம் வாடிக்கையாளரைப் பிடித்துவைக்கும் வழிதான் என்பது என் எண்ணம். அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரில் டூக்கி சேஸ் என்ற உணவகத்தை நடத்திய கறுப்பினச் சமையல்கலைஞர் லேயா சேஸைக் கொடையாளி என்று எல்லோரும் எழுதுகிறார்கள். அவர் குடும்ப அறக்கட்டளை தொடங்கியது 2013-ல். அப்போது அவருக்கு வயது தொண்ணூறு. அதற்கு முந்தைய அறுபது ஆண்டுகளை எந்தக் கணக்கில் எழுதுவது?

பிப்ரவரி 3
கொடைக் கணக்கில்தான். என் பார்வையில் அந்த அறுபது ஆண்டுகள்தான் பெரிய கொடை.

டூக்கி சேஸ் உணவகம் ட்ரெமே பகுதியில், ஆர்லியன்ஸ் அவென்யூவில் இருக்கிறது. இனப் பிரிவினைச் சட்டங்கள் நடப்பில் இருந்த காலத்தில் கறுப்பின மக்களை வங்கிகள் அண்டவிடவில்லை. வெள்ளிக்கிழமை சம்பளக் காசோலையை வாங்கிய தொழிலாளி அதை எங்கே கொண்டுபோய் மாற்றுவார்? டூக்கி சேஸுக்கு வந்தார். கடையில் காசோலையை வாங்கிக்கொண்டு ரொக்கம் கொடுத்தார்கள். அவர் ஒரு சாண்ட்விச்சும் குடிக்க ஏதாவதும் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

சாண்ட்விச் விற்றதே, அப்படியானால் அது வியாபார உத்திதானே என்று கேட்பீர்கள். திருச்சியில் கல்லூரிக்குப் பக்கத்துத் தெருவில் என் பெற்றோர் மெஸ் நடத்தினார்கள். கல்லாவில் ரொக்கம் வைத்திருப்பது எவ்வளவு சிரமம் என்று பார்த்தே வளர்ந்தவள் நான். காலையில் காய்கறிக்காரருக்கு, பிறகு பால்காரருக்கு, வாரக் கடைசியில் அரிசி மண்டிக்கு என்று ரொக்கம் போய்க்கொண்டே இருக்கும். வெள்ளிக்கிழமைதோறும் ஒரு பேட்டையின் சம்பளத்தையே மாற்றிக் கொடுக்கும் அளவுக்கு ஒரு சாப்பாட்டுக் கடையில் ரொக்கம் வேண்டும். காசோலை திரும்பினால் நட்டம் கடைக்கு. ஒரு சாண்ட்விச்சின் லாபத்துக்காக யாரும் இந்த ஆபத்தை எடுக்க மாட்டார்கள்.

பிப்ரவரி 4
மேலே ஒருவர் “லேயா சேஸ் தொடங்கிய உணவகம்” என்று எழுதியிருக்கிறார். இல்லை. தொடங்கியவர்கள் அவருடைய மாமனார் டூக்கி சேஸும் மாமியார் எமிலி சேஸும். தெருமுனையில் லாட்டரிச் சீட்டும் சாண்ட்விச்சும் விற்ற இடம், 1941-ல் கடையானது. காசோலை மாற்றும் பழக்கமும் அவர்கள் காலத்திலேயே வந்தது.

லேயா 1923 ஜனவரி 6-ல் பிறந்தவர். பான்சார்ட்ரெய்ன் ஏரிக்கு அக்கரையில், மேடிசன்வில் என்ற சிற்றூரில் பெரிய குடும்பத்தில் வளர்ந்தார். அங்கே கறுப்பினப் பெண் பிள்ளைகளுக்குக் கத்தோலிக்க உயர்நிலைப் பள்ளி இல்லை. அதனால் நியூ ஆர்லியன்ஸில் அத்தை வீட்டில் தங்கிப் படித்தார். படிப்பு முடிந்ததும் பிரெஞ்சு குவார்ட்டர் என்ற பழைய நகரப் பகுதியில் ஓர் உணவகத்தில் பரிமாறும் வேலை. வெள்ளையர் மட்டுமே உட்கார்ந்து சாப்பிடக்கூடிய இடம். மேசை விரிப்பு, வெள்ளிக் கரண்டி, உணவைக் கொண்டுவந்து வைக்கும் முறை எல்லாவற்றையும் அங்கே கவனித்துக் கற்றுக்கொண்டார். 1946-ல் டிரம்பெட் கலைஞரான எட்கர் டூக்கி சேஸ் ஜூனியரை மணந்தார். பிள்ளைகள் பள்ளிக்குப் போகத் தொடங்கியபின், 1950-களில், கடைக்குள் நுழைந்தார்.

பிப்ரவரி 7
கடைக்குள் நுழைந்தவர் முதலில் செய்த மாற்றங்களை யாரும் இங்கே பேசவில்லை. எனக்கு மிகவும் பிடித்த பகுதி அதுதான்.

பரிமாறப் போன இடத்தில் பார்த்ததையெல்லாம் தன் மக்களுக்கும் கொடுக்க வேண்டும் என்று அவருக்கு ஆசை. மேசைக்கு விரிப்புப் போட்டார். பிரெஞ்சு குவார்ட்டர் உணவகங்களின் பட்டியலில் இருந்த லாப்ஸ்டர் தெர்மிடோரைக் கொண்டுவந்தார். சிங்கி இறாலைப் பாலாடைக் குழம்பில் சமைத்து ஓட்டிலேயே வைத்துப் பரிமாறும் பதார்த்தம் அது. வந்தவர்கள் தொடவில்லை. மாமியாருக்கும் இந்த மாற்றங்கள் பிடிக்கவில்லை. நன்றாக ஓடும் கடையை மருமகள் கெடுக்கிறாள் என்று எந்த மாமியாருக்கும் தோன்றத்தான் செய்யும். லேயா பதார்த்தத்தைக் கைவிட்டார், விரிப்பைக் கைவிடவில்லை. வீட்டில் அம்மா சமைத்த கிரியோல் உணவை (பிரெஞ்சு, ஆப்பிரிக்க வழிகள் கலந்த அந்த ஊர்ச் சமையல்), கம்போ என்ற கெட்டியான குழம்பை, பொரித்த கோழியை, சிவப்புப் பீன்ஸும் சோறும் அதே விரிப்பின் மேல் கொண்டுவந்து வைத்தார்.

நகரத்தின் நல்ல உணவகங்கள் எதிலும் உட்கார அனுமதி இல்லாத ஒருவர், தன் மனைவியின் பிறந்தநாளுக்கு எங்கே போவார்? அவருக்கு விரிப்புப் போட்ட மேசையும், அவரை “ஐயா” என்று அழைக்கும் பரிமாறுபவரும் கிடைத்தது இங்கேதான். அவர் பணம் கொடுத்துத்தான் சாப்பிட்டார். இலவசமாகக் கொடுத்தால் அந்த மரியாதை பாதியாகியிருக்கும்.

பிப்ரவரி 8
போராட்டக்காரர்கள் கூடிய டூக்கி சேஸின் மாடி அறையைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

நியூ ஆர்லியன்ஸ் இருக்கும் லூசியானா மாநிலத்தில் கறுப்பரும் வெள்ளையரும் ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிடச் சட்டம் இடம் கொடுக்கவில்லை. டூக்கி சேஸின் மாடியில் இரு இனத்தவரும் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். சாப்பிட்டபடியே, எந்தக் கடைக்கு எதிரே மறியல், யார் சிறைக்குப் போவது, வழக்கை யார் நடத்துவது என்று பேசினார்கள். வழக்கறிஞர் ஏ. பி. டுரோ வந்தார். பின்னாளில் உச்ச நீதிமன்ற நீதிபதியான தர்குட் மார்ஷல் வந்தார். மார்ட்டின் லூதர் கிங் வந்தார். 1961-ல் பஸ்களில் இனப் பிரிவினையை எதிர்த்துத் தெற்கே பயணம் செய்து அடி வாங்கிய சுதந்திரப் பயணிகளும் இங்கே சாப்பிட்டிருக்கிறார்கள்.

1960 செப்டம்பரில் கெனால் தெருவில் மெக்ரோரிஸ் கடையில், வெள்ளையருக்கு மட்டும் என்று ஒதுக்கிய சாப்பாட்டு மேடையில் நால்வர் உட்கார்ந்தார்கள். ரூடி லம்பார்ட், ஓரீத்தா காசில், செசில் கார்ட்டர் மூவரும் கறுப்பினத்தவர். சிட்னி கோல்ட்ஃபின்ச் வெள்ளையர். எழுந்திருக்க மறுத்ததற்காகக் கைதானார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1963-ல் அவர்கள் மீதான தண்டனை ரத்தானது. இந்த இளைஞர்களின் வட்டம் கூடிப் பேசிய இடங்களில் ஒன்று லேயாவின் மாடி. ஒரு மேடையில் உட்கார்ந்து காபி கேட்டதற்காகச் சிறைக்குப் போகிறவர்களுக்கு, போவதற்கு முன்னும் வந்த பின்னும் ஒரு கிண்ணம் கம்போ வைத்தவர் அவர்.

காவல்துறை ஏன் விட்டுவைத்தது என்று ஒருவர் கேட்டார். கடைக்கு ஊரில் இருந்த செல்வாக்குதான் காரணம். உள்ளே புகுந்து கலைத்தால் பேட்டையே தெருவுக்கு வந்துவிடும் என்று அதிகாரிகள் தயங்கினார்கள். வியாபாரம் நன்றாக நடந்ததே அந்த மாடிக்குக் காவலாக நின்றது. கேள்வி கேட்ட நண்பர் இதை யோசிக்க வேண்டும்: கடை நொடித்திருந்தால் மாடியும் இல்லை. அதே நேரம் ஆபத்து இல்லாமலும் இல்லை. ஒருமுறை கடையின் மேல் வெடிகுண்டு வீசப்பட்டது. மறுநாளும் அடுப்பை மூட்ட வேண்டிய ஒரு பெண்ணாக அவரை நினைத்துப் பாருங்கள்.

பிப்ரவரி 12
“1957-ல் திருவல்லிக்கேணி முரளி கபே முன் பெரியார் நடத்திய போராட்டமும் இதுவும் ஒன்றுதானே?” என்று ஒருவர். அங்கே பிரச்சினை பெயர்ப் பலகையில் இருந்த சாதிப் பெயர். போராட்டக்காரர்கள் கடைக்கு வெளியே நின்றார்கள், கடைக்காரர் எதிர்ப்பக்கம். நான் பேசுவது கடைக்காரரே போராட்டத்தின் பக்கம் நின்ற கதை. சாப்பாட்டு மேசை அரசியல்தான் என்பதற்கு இரண்டும் சாட்சி. அதற்கு மேல் இரண்டையும் ஒன்றாக்க எனக்கு விருப்பமில்லை.

பிப்ரவரி 15
இரண்டு நாளாக ஒன்று மனத்தை அரித்துக்கொண்டிருக்கிறது. முதல் குறிப்பில் கல்லாவைப் பற்றி எழுதினேன். அந்தக் கல்லா யாருடையது என்று எழுதவில்லை.

எங்கள் மெஸ்ஸில் மாணவர்கள் பற்றில் சாப்பிடுவார்கள். ஊரிலிருந்து மணியார்டர் வந்ததும் கொடுப்பார்கள், சில மாதம் வராது. அப்பா யாரையும் கேட்க மாட்டார். “சாப்பிட்டுப் போப்பா, படிப்பைப் பார்” என்பார். தெருவில் அவருக்கு நல்ல பெயர். இன்றும் அவர் பெயரைச் சொன்னால் வயதானவர்கள் கை எடுத்துக் கும்பிடுகிறார்கள்.

அரிசி மண்டிக்குப் பணம் கட்ட வேண்டிய நாளில் அம்மாவின் வளையல் அடகுக் கடைக்குப் போகும். மீட்ட வளையல் மறுபடியும் போகும். விடியற்காலை எழுந்து மாவரைத்தவரும் அம்மாதான். புண்ணியம் அப்பாவின் பெயரில் சேர்ந்தது, வட்டி அம்மாவின் கையிலிருந்து போனது. இதை அப்பாவின் மேல் குற்றமாகச் சொல்லவில்லை. அவர் நல்ல மனிதர், மனமறிந்து கொடுத்தவர். ஆனால் குடும்பக் கடைகளின் கொடையைப் பற்றிப் பேசும்போது, உள்ளே அடுப்படியில் நின்றவர் எவ்வளவு கொடுத்தார் என்பதையும் எழுத வேண்டும்.

டூக்கி சேஸ் என்று பலகையில் இருப்பது மாமனாரின் பெயர், பிறகு அதுவே கணவரின் பெயர். எமிலியின் பெயர் பலகையில் இல்லை. தொடக்க காலத்தில் சமைத்தவர் அவர். வெள்ளிக்கிழமைக் காசோலைகளை நினைக்கும்போதெல்லாம் எனக்கு முதலில் எமிலிதான் நினைவுக்கு வருகிறார். லேயாவைப் பற்றி உலகம் எழுதியதில் பத்தில் ஒரு பங்குகூட எமிலியைப் பற்றி எழுதவில்லை.

பிப்ரவரி 16
“அப்படியானால் பற்றுக் கொடுப்பது தவறா?”

இல்லை. எங்கள் வீட்டில் பிறகு என்ன நடந்தது என்று சொல்கிறேன். ஒருநாள் அம்மா பற்று நோட்டை அப்பாவின் மேசையிலிருந்து எடுத்துத் தன்னிடம் வைத்துக்கொண்டார். சண்டை போடவில்லை, கத்தவில்லை. அன்றிலிருந்து யாருக்குப் பற்று, எவ்வளவு காலத்துக்கு என்று முடிவு செய்தவர் அவர். பற்று நிற்கவில்லை. வசதியிருந்தும் தள்ளிப்போட்டவர்களிடம் கறாராகக் கேட்டு வாங்கினார். சாப்பாடு நின்றால் படிப்பும் நின்றுவிடும் என்ற நிலையில் இருந்த பிள்ளைகளிடம் கேட்கவே இல்லை. யார் எந்த நிலையில் இருக்கிறான் என்பது அவருக்குத் தெரியும், ஏனென்றால் இரண்டாம் முறை சோறு கேட்பவன் எப்படிக் கேட்கிறான் என்று பரிமாறும்போது பார்த்தவர் அவர்.

பிப்ரவரி 21
1964-க்குப் பிறகு என்ன ஆயிற்று என்ற கேள்வி நல்ல கேள்வி.

அந்த ஆண்டில் இனப் பாகுபாட்டைத் தடைசெய்த குடிமை உரிமைச் சட்டம் வந்தபின் கறுப்பினத்தவர் எந்த உணவகத்திலும் சாப்பிடலாம் என்றாயிற்று. அதற்காகத்தான் எல்லோரும் போராடினார்கள். அந்த வெற்றியே கறுப்பினத்தவர் நடத்திய கடைகளுக்கு வியாபாரத்தைக் குறைத்தது. அமெரிக்கா முழுக்க அப்படிப்பட்ட உணவகங்களும் விடுதிகளும் மூடின. ட்ரெமேயில் இன்னொரு அடியும் விழுந்தது. கிளெய்போர்ன் அவென்யூவின் நடுவே வரிசையாக ஓக் மரங்கள் நின்றன. அவற்றின் நிழலில்தான் பேட்டையின் திருவிழாக்கள் நடக்கும். 1966-ல் மரங்களை வெட்டிவிட்டு அதன் மேல் நெடுஞ்சாலைப் பாலம் கட்டினார்கள். இருபுறமும் இருந்த கறுப்பினக் கடைகள் ஒவ்வொன்றாகப் போயின.

கடைக்கு எதிரே அப்போது லஃபீட் என்ற அரசுக் குடியிருப்பு இருந்தது. ஏழைகள் வாழ்ந்த இடம். வசதியான வாடிக்கையாளர்கள் அந்தப் பக்கம் வரவே தயங்கிய காலம் ஒன்று இருந்தது. வேறு தெருவுக்கு மாற்றியிருந்தால் வருமானம் கூடியிருக்கலாம். லேயா மாற்றவில்லை. அறுபது ஆண்டுகளில் அவர் செய்தவற்றில் இது பெரியது என்று நினைக்கிறேன். ஏழைப் பேட்டையில் ஓர் நல்ல உணவகம் விளக்கேற்றி நிற்பதால் தெருவில் ஆள் நடமாட்டம் இருக்கிறது, பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு வேலை கிடைக்கிறது, குடியரசுத் தலைவர்கள்கூட அந்தத் தெருவுக்கு வர வேண்டியிருக்கிறது. ஜார்ஜ் புஷ் வந்தார். ஒபாமா வந்தார். ஒபாமா கம்போவைச் சுவைத்துக்கூடப் பார்க்காமல் காரச் சாற்றை ஊற்றப் போக, லேயா அவரைக் கண்டித்த கதை ஊருக்கே தெரியும். எங்கள் அம்மாவும் ரசத்தில் உப்புப் போடக் கை நீட்டியவரை அப்படித்தான் பார்ப்பார்.

பிப்ரவரி 22
கடைச் சுவர்களில் உள்ள ஓவியங்களைப் பற்றி ஒரு வரி கேட்டிருந்தார் ஒரு தங்கை. லேயா முதன்முதலில் ஓர் ஓவிய அருங்காட்சியகத்துக்குள் கால் வைத்தது 54-ஆம் வயதில். அவர் இளமையில் கறுப்பினத்தவருக்கு அந்தக் கதவும் திறந்திருக்கவில்லை. பிறகு கறுப்பின ஓவியர்களின் படைப்புகளை வாங்கிச் சாப்பாட்டு அறைச் சுவர்களில் மாட்டினார். ஜேக்கப் லாரன்ஸ், எலிசபெத் கேட்லெட் போன்றவர்களின் படைப்புகள் அவர் தொகுப்பில் உண்டு. 1995-ல் கலைகளுக்கான அரசு நிதியைக் கூட்டச் சொல்லி நாடாளுமன்றக் குழுவின் முன் பேசினார். நியூ ஆர்லியன்ஸ் கலை அருங்காட்சியகத்தின் அறங்காவலராகவும் இருந்தார்.

ஹூஸ்டனில் வாழ்ந்த காலத்தில் டூக்கி சேஸுக்குப் போய் மதிய உணவு சாப்பிட்டிருக்கிறேன். பக்கத்து மேசையில் பள்ளிச் சீருடையோடு ஒரு சிறுமி, தட்டைத் தொடாமல் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பாட்டி அதட்டவில்லை, கோழித் துண்டைப் பிய்த்து அவள் வாயில் வைத்துக்கொண்டே அந்தப் படத்தில் இருப்பவர்கள் யார் என்று சொல்லிக்கொண்டிருந்தார். அருங்காட்சியகத்துக்கு டிக்கெட் வாங்கத் தோன்றாத குடும்பம் சாப்பிட வந்த இடத்தில் ஓவியம் பார்க்கிறது. இதற்கு எந்த அறக்கட்டளையும் அறிக்கை எழுத முடியாது.

பிப்ரவரி 27
கத்ரீனா சூறாவளி.

2005 ஆகஸ்ட் 29. வெள்ளத் தடுப்புக் கரைகள் உடைந்து நகரம் மூழ்கியது. உணவகத்துக்குள் ஏறக்குறைய ஐந்தடித் தண்ணீர். ஓவியங்களைப் பேரன் பத்திரப்படுத்தியதால் தப்பின. சமையலறை போயிற்று. எண்பதைத் தாண்டிய லேயா, கணவரோடு கடைக்கு எதிரே அரசு கொடுத்த டிரெய்லர் வண்டியில் மாதக்கணக்கில் வாழ்ந்தார். அந்த வயதில் கடையை விற்றுவிட்டுப் பிள்ளைகளோடு போயிருந்தால் யார் குறை சொல்லியிருப்பார்கள்?

2006-ல் புனித வியாழன் அன்று நகரத்தின் மற்ற உணவகக்காரர்கள் சேர்ந்து பிரெஞ்சு குவார்ட்டரில் ஒரு விருந்து வைத்தார்கள். இலைக்கு 75 டாலர் முதல் 500 டாலர் வரை. லேயாவின் கம்போவும் பொரித்த கோழியும்தான் உணவு. 40,000 டாலர் சேர்ந்தது. வேறு பலரும் உதவினார்கள். 2007-ல் கடை திறந்தது.

ஒருவர் கீழே எழுதியிருப்பதைப் படித்தேன்: “கொடுத்தவர் வாங்கும் நிலைக்கு வந்துவிட்டார், பாவம்.” இதில் பாவம் எங்கே இருக்கிறது? பிரிவினைக் காலத்தில் எந்தப் பிரெஞ்சு குவார்ட்டரில் அவர் பரிமாறத்தான் முடியுமோ, உட்கார முடியாதோ, அதே பிரெஞ்சு குவார்ட்டரில் அவருடைய கடையை மீட்கப் பந்தி போட்டார்கள். அதை அவர் நிமிர்ந்தே வாங்கிக்கொண்டார். சைவ உணவகமோ அசைவ உணவகமோ, பக்கத்துக் கடை தீப்பிடித்தால் அடுப்பையும் அண்டாவையும் கொடுத்தனுப்புவது நம் தெருக்களிலும் உள்ள வழக்கம்தான்.

மார்ச் 2
புனித வியாழன் கம்போ பற்றிப் பலர் கேட்கிறார்கள். பெயர் கம்போ ஸெர்ப், அதாவது கீரைக் கம்போ. பெரிய வெள்ளிக்கு முந்தைய நாள், நோன்புக்கு முன் சாப்பிடுவது. கடுகுக்கீரை, கொலார்ட் கீரை, டர்னிப் இலை, பீட்ரூட் இலை, முட்டைக்கோஸ், பசலை என்று லேயா ஒன்பது வகை போடுவார். எண்ணிக்கை ஒற்றைப்படையில் இருக்க வேண்டும். எத்தனை கீரையோ அந்த ஆண்டில் அத்தனை புதிய நண்பர்கள் என்று நம்பிக்கை. கூடை கூடையாகக் கீரை ஆய்ந்து, மண் போக அலசி, வேகவைத்து அரைக்க வேண்டும். ஒரு கைப்பிடி முளைக்கீரை ஆய்பவர்களுக்கே அந்த வேலையின் பாரம் தெரியும்.

சைவ நண்பர்களுக்கு: பெயரில் கீரை இருந்தாலும் உள்ளே தொத்திறைச்சி, பன்றி, மாடு எல்லாம் உண்டு. கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள்.

மார்ச் 5
“இது ஒரே ஒரு பெண்ணின் கதை, இதை வைத்துப் பொதுவாக ஏதும் சொல்ல முடியாது” என்கிறார் முதல் கேள்வி கேட்ட நண்பர். இன்னொருவரைச் சொல்கிறேன். அலபாமாவின் மான்ட்காமரியில் ஜார்ஜியா கில்மோர். 1955 டிசம்பரில் பஸ்ஸில் இனப் பிரிவினையை எதிர்த்துப் பஸ் புறக்கணிப்பு தொடங்கியபோது ஓர் உணவகத்தில் சமையல்காரராக இருந்தார். கோழியும் கேக்கும் செய்து விற்று, அந்தப் பணத்தைப் போராட்டத்துக்குக் கொடுக்கப் பெண்களைச் சேர்த்தார். பணம் எங்கிருந்து வருகிறது என்று யாராவது கேட்டால் “எங்கிருந்தும் இல்லை” என்று சொல்லும்படி குழுவுக்கே அப்படிப் பெயர். வெள்ளையர் வீடுகளில் வேலை செய்த பெண்களின் பெயர் வெளியே வரக்கூடாதல்லவா? 1956-ல் கிங் மீதான வழக்கில் சாட்சி சொன்னார். வேலை போயிற்று. கிங் ஊக்கம் கொடுக்க, தன் வீட்டிலேயே சாப்பாடு போடத் தொடங்கினார். தலைவர்கள் அந்த வீட்டு மேசையில்தான் கூடினார்கள். கில்மோரிடம் அறக்கட்டளை கிடையாது, பெரும் பணமும் கிடையாது.

மார்ச் 9
அதே நண்பர் மறுபடியும்: “அப்படியென்றால் 2013-ல் தொடங்கிய அறக்கட்டளைக்கு மதிப்பே இல்லையா?”

இருக்கிறது. லேயாவின் கை 2019 ஜூன் 1 அன்று ஓய்ந்தது. வயது 96. கணவர் 2016-லேயே போய்விட்டார். கல்லாவிலிருந்து எடுத்துக் கொடுப்பதற்குக் கல்லாவில் அந்த மனிதர் உட்கார்ந்திருக்க வேண்டும். அவர் போனபின்னும் கல்விக்கும், கலைக்கும், சமையல் படிக்கும் பிள்ளைகளுக்கும், சமூக நீதிக்கும் பணம் போக வேண்டுமென்றால் பதிவு செய்த அமைப்பு தேவை. உணவகத்தைப் பேரப்பிள்ளைகள் நடத்துகிறார்கள். அவர்கள் லேயாவைப் போலவே முடிவெடுக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. என் பெற்றோரின் மெஸ் அவர்களுக்குப் பின் இல்லை. பற்றில் சாப்பிடும் வசதியும் அதோடு போயிற்று. அந்த இடத்தில் இப்போது கைப்பேசிக் கடை.

மார்ச் 10
கோயம்புத்தூரில் சின்னதாக உணவகம் தொடங்கப்போகும் தம்பி, மாதம் எவ்வளவு தர்மத்துக்கு ஒதுக்கலாம் என்று கேட்டிருக்கிறார். தொகை சொல்ல என்னால் முடியாது. முதலில் சமையல் மாஸ்டருக்கும் பாத்திரம் தேய்ப்பவருக்கும் சம்பளத்தைத் தேதி தவறாமல் கொடுங்கள். பற்று நோட்டை உங்களிடம் வைத்துக்கொள்ளாதீர்கள். அடுப்படிக் கணக்குப் பார்ப்பவரிடம் கொடுங்கள். மனைவியோ தாயோ கடையில் உழைத்தால் அவர்களுக்கும் சம்பளம் எழுதுங்கள், பலகையிலும் பங்குப் பத்திரத்திலும் அவர்கள் பெயர் இருக்கட்டும். பள்ளிப் பிள்ளைகள் வந்தால் உட்கார வைத்துப் பரிமாறுங்கள், பார்சல் கட்டி வெளியே அனுப்பாதீர்கள். முதல் ஆறு மாதக் கணக்கைப் பார்த்துவிட்டு இங்கே எழுதுங்கள். மேற்கொண்டு பேசலாம்.